பட்டாணியின் பச்சை விளக்கு

அன்று காலை வகுப்பில் இருந்தவர்கள் நான்கே பேர். சன்னலோரக் கட்டிலில் பட்டாணி. அடுத்த கட்டிலில் அவள் அண்ணன் ஒட்டடைக்குச்சி. கதவருகே, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்த தூங்குமூஞ்சி. கரும்பலகைக்கு நேராக லீடர். அவளுக்குப் பன்னிரண்டு வயது, உடம்பெல்லாம் அசதி.

சாம்பல் காய்ச்சல் வந்ததிலிருந்து வகுப்பறைதான் அவர்களுக்கு வார்டு. மணிக்கட்டில் கட்டிய பட்டை தினமும் காலை ஆறு மணிக்குச் சூட்டை அளந்து, தொலைவில் இருக்கும் பெரிய டாக்டருக்கு அனுப்பும். காய்ச்சல் அடித்தால் சிவப்பு விளக்கு. மூன்று நாள் தொடர்ந்து சிவப்பு எரிந்தால் மாடி அறைதான், அதுவும் தனியாக. அங்கே போன இருவர் இன்னும் இறங்கி வரவில்லை.

பட்டாணிக்கு இரண்டு நாள் சிவப்பு எரிந்தது. மூன்றாம் நாளிலிருந்து அவள் பட்டையை, மருந்தால் சூடு அடங்கியிருந்த மற்ற மூவரும் முறைபோட்டுக் கட்டிக்கொண்டார்கள். விளக்கு பச்சையானது. எட்டு நாள் ஓடிவிட்டது.

நர்ஸ் அக்கா கண்ணாடிக்கு அப்பால் வந்து நின்றார்.

"நல்ல சேதி! பட்டாணிக்கே காய்ச்சல் விட்டுடுச்சுல்ல, மருந்து நல்லா வேலை செய்யுதாம். நாளையிலேருந்து எல்லாருக்கும் பாதி ஊசிதான்!"

பட்டாணி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"என்ன, சந்தோஷத்துல பேச்சே வரலையா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

லீடர் பட்டாணியின் நெற்றியில் கை வைத்தாள். இஸ்திரிப் பெட்டி போலச் சுட்டது.

"பாதி மருந்துன்னா இவ தாங்க மாட்டா. நாமளும்தான். உண்மையைச் சொல்லிடலாம்."

"சொன்னா மாடிக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க," என்று சீறினான் ஒட்டடைக்குச்சி. "பெரிய லீடரு! காட்டிக் கொடுக்கறதுதான் உன் வேலையா?"

"அண்ணா, சண்டை போடாதே," என்றாள் பட்டாணி. "மாடின்னா எனக்குப் பயமில்ல. தனியா இருக்கத்தான் பயம்."

லீடர் ஒட்டடைக்குச்சி பக்கம் திரும்பினாள்.

"உனக்கு என்ன காய்ச்சல்டா?"

"சாம்பல் காய்ச்சல். மண்டைக்கு ஏறிடுச்சா உனக்கு?"

"இவளுக்கு?"

"அதேதான்."

"அப்போ நீ இவகூடப் போனா, புதுசா உனக்கு என்ன வந்துடும்?"

 ஒட்டடைக்குச்சி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவளிடம் நீட்டினான்.

கை வலித்ததால் வரிக்கு வரி பேனாவைக் கீழே வைத்து வைத்து எழுதினாள் லீடர்.

'மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். பட்டாணிக்குக் காய்ச்சல் விடவில்லை. எட்டு நாளாக அவள் பட்டையை நாங்கள்தான் கட்டிக்கொண்டோம். யார், எந்த நாள் என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். தயவுசெய்து மருந்தைக் குறைக்க வேண்டாம். அவளை மாடிக்கு அனுப்பினால் அவள் அண்ணனையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் எல்லோருக்கும் ஒரே நோய்தான். யாரிடமிருந்து யாரைப் பிரிக்கிறீர்கள்?'

"புதன்கிழமை நான் கட்டினேன்," என்றான் தூங்குமூஞ்சி, ஒரு கண்ணைத் திறந்து.

"செவ்வாய்க்கிழமைடா. புதன் முழுக்க நீ தூங்கினே," என்றாள் லீடர்.

பட்டாணி சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது.

நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒட்டடைக்குச்சி உறையை ஒட்டி, கோந்து காயும்வரை அழுத்திப் பிடித்திருந்தான். பிறகு, பெரிய டாக்டருக்குக் கடிதம் அனுப்பச் சுவரில் வைத்திருந்த தபால் பெட்டியில் வைத்தான்.

"அனுப்பிட்டா திரும்ப எடுக்க முடியாது," என்றான்.

"தெரியும்," என்றாள் லீடர்.

அவனே பெட்டியின் பொத்தானை அழுத்தினான். பறக்கும் தபால் இயந்திரம் கூரையிலிருந்து கிளம்பும் சத்தம் கேட்டது.