மறுஆட்டம்

காலையில் டீ குடிப்பதற்கு முன்பே யாழ்மொழியின் மதிப்பெண்ணைப் பார்த்துவிடுவது என் பழக்கம். கோவில்பட்டி ஹாக்கி மையத்தின் சுவர்த்திரையில் கணிப்பாளர்கள் பெயரெல்லாம் வரிசையாக இருக்கும். அன்றும் அவள்தான் முதலில், நான் இரண்டாவது. டீ இறங்கவே இல்லை.

பதினான்கு வயதில் ஒவ்வொரு பிள்ளையையும் முன்நோக்கிக் கருவியின் எதிரே ஓடவிட்டு, இருபத்திரண்டில் அது எப்படி ஆடும் என்று நாங்கள் சொல்ல வேண்டும். இதற்கு வளர்கணிப்பு என்று பெயர். எலும்பையும் மூச்சையும் கருவி அளந்துவிடும். பிள்ளையின் மனசை நாங்கள்தான் படிக்க வேண்டும். ‘ஆடும்’ என்றால் செயற்கைப்புல் டர்ஃப், பயிற்சி, சாப்பாடு எல்லாம் உண்டு. ‘ஆடாது’ என்றால் அதோடு சரி, எந்த அணியும் சேர்க்காது. வருஷங்கள் கழித்து எங்கள் சொல் பலித்ததா என்று பார்த்து எங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள்.

யாழ்மொழி சொன்னதெல்லாம் பலித்தது. பலிக்காமல் என்ன செய்யும்? அவள் ஒதுக்கிய பிள்ளைகளை டர்ஃப் பக்கமே விடுவதில்லையே! இதை வாய்விட்டுச் சொன்னால், “எஸ்தருக்குப் பொறாமை” என்பார்கள். ஆமாம், பொறாமைதான். அவள் வருவதற்கு முன்னால் அது என் இடம்.

இந்த வருஷம் அவளுடைய கணிப்புகளைத் தணிக்கை செய்யும் முறை எனக்கு வந்தது. தணிக்கையாளர் விரும்பினால், ஒதுக்கப்பட்ட ஒருவரை வரவழைத்து ஆடவிட்டுப் பார்க்கலாம். அதுதான் மறுஆட்டம். அதன் முடிவும் எங்கள் மதிப்பெண்ணில் சேரும். யாரைக் கூப்பிடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. அருஞ்சுனை! நான் ‘ஆடும்’ என்றேன், அவள் ‘ஆடாது’ என்றாள், மையம் அவள் பேச்சைக் கேட்டது. இப்போது இருபத்திரண்டு வயது, தீப்பெட்டி ஆலையில் பண்டல் ஏற்றுகிறான். ஆலைக்குப் பின்னால் கரிசல் பொட்டலில் சகதொழிலாளிகளோடு அவன் ஆடுவதை, யாருக்கும் தெரியாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

போனில் கூப்பிட்டேன்.

“ஹாக்கி மையத்துல இருந்தா? நெசமாவா மேடம்?”

“சனிக்கிழமை வந்துரு, மறுஆட்டம்” என்றேன். மறுஆட்டம் என்றால் என்னவென்று மையத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நான் விளக்கவில்லை.

மாநில ஜூனியர் அணியோடு இறக்கிவிட்டோம். ஈர டர்ஃபில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தான். பக்கத்தில் நின்ற யாழ்மொழி, “பாவம்க்கா, பழக்கமில்ல” என்றாள். அவளுடைய கரிசனம் எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரை ஏமாற்றி, உடம்பைத் திருப்பி, பின்கையால் ஒரு அடி. கோல்! “போடுறா!” என்று கத்தினேன். அடுத்து இன்னொன்று போட்டான்.

சுவர்த்திரையில் என் பெயர் மேலே ஏறியது. எத்தனை நாள் ஏக்கம்!

அருஞ்சுனை மூச்சிரைக்க ஓடிவந்தான். முகமெல்லாம் சிரிப்பு. “மேடம், ஆலையில கணக்கை முடிச்சிட்டு வரணும்ல? நாளைக்கு எத்தனை மணிக்கு இங்க வரட்டும்?”

நான் சுவர்த்திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினான்கு தாண்டியவர்களுக்குக் கணிப்பு கிடையாது. கணிப்பில்லாமல் அணியும் கிடையாது. அவன் இன்றைக்குப் பத்து கோல் போட்டிருந்தாலும் கதை இதுதான்.

யாழ்மொழிதான் அவனிடம் போனாள். “தம்பி, இது எனக்கு வச்ச பரீட்சைப்பா, உனக்கில்ல. உன்னைய வேண்டாம்னு எழுதினது நாந்தான். தப்பா எழுதிட்டேன்.”

“அப்ப நாளைக்கு?”

“உன்னையச் சேத்துக்கமாட்டாங்க.”

அவன் மட்டையைக் கீழே வைத்தான். யாழ்மொழி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். “விடுங்கக்கா. நீங்களாவது வாயத் தெறந்து சொன்னீங்க” என்றான். என் பக்கம் திரும்பவே இல்லை.

சுவரில் என் பெயர் முதலிடத்தில் இருந்தது. அப்போதும் எனக்கு அவள்மேல்தான் பொறாமையாக இருந்தது.