முத்தாழிக்குப்பம் வாங்கிய மதிப்பெண்

அளவை மாதம் வந்துவிட்டால் முத்தாழிக்குப்பத்தில் எல்லோரும் வீட்டிலுள்ள நல்ல பொருட்களை ஒளித்துவைப்பார்கள். அன்று காலையில் அம்சவேணி குளிர்விசிறியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். எதிர்வீட்டுச் சகுந்தலா கூரைமேலிருந்த வெயில்தகடுகளைப் பழைய வலையால் மூடினாள். கடல்நீரைக் குடிநீராக்கும் தெருக்கருவியை இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் ஓடவிடுவது என்று பஞ்சாயத்தில் முடிவாகியிருந்தது.

ஊர்த் தலைவர் ராஜமாணிக்கம் வீடுவீடாக வந்து பார்த்தார்.

"அம்சு, அளக்க வர்ற பொண்ணு ஒன் வீட்லதான் தங்கப்போவுது. பத்து நாள். மொகம் குடுத்துப் பேசாத. சோறு போடு, ஆனா ருசியா ஆக்காத."

"ருசியில்லாம எப்புடி ஆக்குறது பெரியப்பா?"

"ஒன் நாத்தனார்ட்ட கேளு, சொல்லிக் குடுப்பா" என்றாள் எதிர்வாசலிலிருந்து சகுந்தலா.

ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. போன ஆடியில் அலை அம்சவேணியின் அடுக்களைப் படிவரை வந்து போயிருந்தது.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, கடலோர நிதியம் வளரும் நாடுகள் இரண்டிலிருந்து நாட்டுக்கோர் ஊரை எடுத்து இணை சேர்க்கும். இந்த முறை முத்தாழிக்குப்பத்துக்கு இணை, மொசாம்பிக்கில் பெய்ரா நகரத்தை ஒட்டிய ஒரு மீனவர் தெரு. அங்கிருந்து ஒருவர் இங்கே வந்து வாழ வேண்டும், இங்கிருந்து ஒருவர் அங்கே. வருமானம், வீடு, மருத்துவமனை என்று பட்டியல் போட்டு நாடுகளை ஒப்பிட்ட காலம் மலையேறிவிட்டது. பட்டியலில் எல்லோரும் பொய் எழுதினார்கள். இப்போது அப்படி வருகிற அளவரின் கழுத்தில் ஓர் உணர்மணி தொங்கும். அது உடம்பைக் கேட்கும். எப்படித் தூங்கியது, எத்தனை முறை சிரித்தது, எப்போது பயந்தது. பத்தாம் நாள் நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். எந்த ஊருக்கு மதிப்பெண் குறைவோ, அந்த ஊருக்குக் கடற்சுவர். மற்ற ஊர் மூன்று ஆண்டுக்குள் காலி செய்துகொண்டு உள்நாட்டுக்குப் போய்விட வேண்டும்.

செலெஸ்தே வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். பெய்ராவில் பேருந்து ஓட்டுகிறவள். அவள் பேச்சைத் தமிழாக்கிச் சொன்ன செவிபெயர்ப்பியை யாரோ நாகைக்காரர் பழக்கியிருக்க வேண்டும்.

"இடுப்பு ஒடிஞ்சிபோச்சுக்கா. அடுத்தவன் வண்டி ஓட்னா என்னால குந்திருக்கவே முடியல" என்றது அவள் குரலில்.

அம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, உப்புக் குறைத்த கஞ்சியை வைத்தாள். செலெஸ்தே முழுவதையும் குடித்தாள்.

மறுநாள் சகுந்தலா மூடிய கிண்ணத்தோடு வந்தாள்.

"பூனைக்கு வச்சது, மிஞ்சிப்போச்சு."

கிண்ணத்தில் வவ்வால்மீன் குழம்பு, நடுத்துண்டாகப் பார்த்து நான்கு. நம் தெருவுக்கு வந்தவள் வாய்க்கு ருசியில்லாமல் சாப்பிடுகிறாள் என்ற நினைப்பை அந்தத் தெருவால் ஒரு நாளுக்கு மேல் தாங்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஐந்து வீட்டுக் கிண்ணங்கள் வந்தன. ராஜமாணிக்கம் வந்து ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அவர் மனைவி இறால் தொக்கு கொண்டுவந்தாள். வெக்கை தாங்கவில்லை என்று சொல்லி அம்சவேணியும் குளிர்விசிறியைப் பரணிலிருந்து இறக்கினாள்.

மீன் ஆய்ந்துகொண்டே அம்சவேணியும் செலெஸ்தேவும் ஊர்களை ஒப்பிடுவார்கள்.

"எங்களுக்கு ஆஸ்பத்திரி கிட்டக்க. ஒங்களுக்குத் தண்ணி கிட்டக்க" என்றாள் செலெஸ்தே. "எங்க தெருவுல கடலுக்குப் போன கடைசிப் படகு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வீட்லயும் அடுப்பு மூட்ட மாட்டோம்."

"பசிச்சா?"

"எல்லாருக்குந்தான பசிக்கும்."

அம்சவேணி கத்தியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். அப்படி ஒரு தெருவை எந்தப் பட்டியல் பிடித்திருக்கும் என்று தோன்றியது. அந்தத் தெருவுக்கும் சுவர் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒன்பதாம் நாள் உச்சிவெயிலில் செலெஸ்தேவுக்குச் செய்தி வந்தது. அவள் தம்பி போன படகு விடியற்காலையில் திரும்ப வேண்டியது, இன்னும் வரவில்லை. அவள் அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கழுத்து மணி சிவந்தது.

சேதி கேட்டு ராஜமாணிக்கம் ஓடிவந்தார். அம்சவேணியைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"கேக்க மனசு கூசுது அம்சு. நாம ஒண்ணும் கெடுதல் பண்ண வேணாம். கிட்ட போவாம சும்மா இருந்தாலே போதும். சாயந்தரத்துக்குள்ள மார்க்கு எறங்கிடும். எரநூறு குடும்பம்."

 அம்சவேணியின் புருஷன் கடலிலிருந்து வராமற்போன நாளில் அந்தக் கொல்லையில் அறுபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அவர்களைக் கூட்டிவந்ததே ராஜமாணிக்கம்தான்.

அவள் உள்ளே போய், கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி அடுப்பை அணைத்தாள். பிறகு செலெஸ்தேவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். எட்டிப் பார்த்த சகுந்தலா தன் வீட்டு அடுப்பையும் அணைத்துவிட்டு வந்தாள். நாலு மணிக்குத் தெருவில் ஒரு வீட்டிலும் புகையில்லை. அடுக்களையில் நிற்க இடமில்லை. ராஜமாணிக்கம் வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. எந்திரம் பழுதான படகை வேறொரு படகு இழுத்துவந்து சேர்த்துவிட்டது. செலெஸ்தே அழுதாள், சிரித்தாள், கடைசியில் பசிக்கிறது என்றாள்.

இரண்டு ஊர் மணிகளின் கணக்கையும் ஒப்பிட்டு, ஒரு வாரம் கழித்து நிதியத்தின் முடிவு வந்தது. முத்தாழிக்குப்பம் எண்பத்து நான்கு. பெய்ராத் தெரு எண்பத்தொன்று. சுவர் பெய்ராவுக்கு.

அம்சவேணி தலைவர் வீட்டுக்குப் போய்த் தூணோரம் நின்றாள்.

"என்னாலதான் பெரியப்பா."

ராஜமாணிக்கம் முடிவு வந்த தாளை அவளிடம் நீட்டினார். "கடைசி வரிய சத்தமா படி."

"இவ்வூரில் அளவர் ஒரு நாளும் தனிமையை உணரவில்லை."

"பதினேழு வயசுலேர்ந்து மனு எழுதுறேன். எல்லாத்துலயும் கஷ்டப்படுறோம், கஷ்டப்படுறோம்னுதான் எழுதியிருக்கேன். எழுதி எழுதி நானே அத நம்பிப்போயிட்டேன் புள்ள."

அவர் மேசைமேல் புதிய மனு ஒன்று பாதியில் இருந்தது. அம்சவேணி குனிந்து படித்தாள்.

"ஐயா, நாங்கள் நன்றாக வாழ்கிறவர்கள். எங்கே வேண்டுமானாலும் குடியேற்றுங்கள். ஒரே தெருவாகக் குடியேற்றுங்கள்."