சாரம்மாள் மூடிய கண்கள்

நாறும்பூநாதன் தன்னை ஓவியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அது கடைப் பலகை எழுதுகிறவர்களுக்கு. அவர் ‘உருவப் படைப்பாளி’. பொன்னெழுத்தில் அட்டையே அடித்து வைத்திருந்தார். கணினி விளையாட்டுகளுக்குப் பேயும் பூதமும் வரைந்து கொடுப்பது தொழில்.

இந்த முறை கம்பெனி கேட்டது, இடிந்த கட்டடத்தில் முளைத்து வாழும் ஒரு தேவதை. உலகத்தில் எவனும் பார்த்திராததாக இருக்கவேண்டுமாம். ஆகவே பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, ஆற்றங்கரையில் பாழடைந்து கிடந்த நூல்மில் குடியிருப்பில் ஒரு மத்தியானம் போய் இறங்கினார்.

கூரை போன வீடுகள். வௌவால் எச்சமும் ஊறிய சுண்ணாம்பும் கலந்த வாடை. தாமிரபரணி கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் உள்ளே கால் வைத்ததும் அதன் சத்தம் நின்றுவிட்டது.

கடைசி வீட்டு அடுப்படிச் சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரசங்கன்று நின்றது. வேர்களுக்கிடையே ஒரு சிறுமியின் புகைப்படம். தரை மட்டும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

“எம்மவ ஜெசி,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கையில் வாரியலோடு ஒரு பெண், சாரம்மாள். “அடமழையில இந்தச் செவரு அவ மேல விழுந்துட்டு, அண்ணாச்சி. மறுவருசம் அவ கெடந்த எடத்துலதான் இது மொளச்சுது.”

படைப்பாளிக்குப் புல்லரித்தது. துக்கத்தினால் அல்ல.

“வரையட்டுமாம்மா? ஒங்களுக்கும் ஒண்ணு சட்டம் போட்டுக் கொண்டாரேன்.” அட்டையை நீட்டினார்.

அவள் புகைப்படத்துத் தூசியை முந்தானையால் துடைத்தாள்.

“வரைங்க. கண்ண மட்டும் மூடி வரையணும். தொறந்தே கெடந்துச்சு. நாந்தான் எங்கையால மூடுனேன். ஒறங்கட்டும் பிள்ள.”

“சத்தியமா,” என்றார். வரைவதைவிடச் சத்தியம் செய்வது சுலபம்.

உருவம் அருமையாக வந்தது. அரசிலைக் கூந்தல், உரிந்த சுண்ணாம்புத் தோல், வேர்விரல்கள், ஜெசியின் முகம், மூடிய கண்கள்.

கம்பெனியிலிருந்து மேலப்பாளையத்து ஹனீன் கூப்பிட்டான். “அண்ணாச்சி, உருவம் அள்ளுது. ஆனா ஒறங்குத தேவதைய வச்சு எவன பயங்காட்ட? கண்ணத் தொறந்து விடுங்க.”

இமைகளை அழித்து இரண்டு விழி வைத்தார். அடியில், ‘முழுக்க முழுக்க என் கற்பனை’ என்று எழுதி அனுப்பினார். சட்டம் போட்ட படம் சாரம்மாளுக்குப் போகவில்லை.

போனில் அவள் குரல்தான் வந்தது.

“அண்ணாச்சி, என்ன செஞ்சிய?” கிசுகிசுத்தாள். “முழிச்சுக்கிட்டா. அடுப்படியில நடக்கா. தடவித் தடவிப் பாக்கேன், கண்ண மூட மாட்டேங்கா.”

கண்ணைத் திறந்ததை அவளிடம் அவர் சொல்லவே இல்லை.

போனை வைத்தார். பிசைந்த சோறு இலையில் காய்ந்தது. எழுந்துபோய்க் கணினியில் படத்தைத் திறந்தார். இமைகளை வரைந்து மூடினார். சேமித்தார். மறுபடி திறந்து பார்த்தார்.

விழிகள் திறந்திருந்தன.

இன்னொரு முறை மூடினார்.

திறந்திருந்தன. இப்போது அவை நேராகப் பார்க்கவில்லை. அவருடைய கட்டிலைப் பார்த்தன.

“மன்னிச்சிரு தாயி,” என்றார் திரையிடம். விருது மேடைகளில் மணிக்கணக்கில் முழங்கியவர் இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார்.

கணினியை அணைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். வெளியே வெயில் கொளுத்தியது. கண்ணை மூட முடியவில்லை. இமை இறங்க மறுத்தது.

போன் அடித்தது.

“இப்பந்தான் அவ நடக்குத சத்தம் நின்னுது, அண்ணாச்சி,” என்றாள் சாரம்மாள். “ஒறங்கிட்டாளோன்னு பாத்தேன்.”

“ஒறங்கிட்டாளா?”

“இல்ல. இங்கன அவ இல்ல.”

ஊறிய சுண்ணாம்பு வாடை அடித்தது.

அவர் நெற்றியில் ஒரு சின்ன உள்ளங்கை வந்து படிந்தது. ஈரமாக, சில்லென்று. அது அவசரப்படவில்லை. ஒரு தாயிடம் கற்றுக்கொண்ட பதவிசோடு, மேலிருந்து கீழாக, பைய, அவருடைய இமைகளைத் தடவி மூடியது.

அந்தக் கை விலகவில்லை.