ஒன்று நடக்கும் தாது

கடலடி நிலையத்தின் கூட்ட அறையில் அன்று மூவர் இருந்தனர். திரைக்கு எதிரே நிலையத் தலைவர் உலகநாதன். அவருக்கு வலப்பக்கம், கருவியை மடியில் வைத்தபடி, படிக ஆய்வாளர் சங்கரவடிவு. கதவோரம், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, துளைப்பாளர் பாக்கியநாதன். நான்காவது நாற்காலியில், அந்தமான் கடலடியில் எடுத்த பாறைத் துண்டு. மெத்தை அதற்கு மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

சங்கரவடிவின் மடியில் இருந்தது காலக்கண். அது வந்தபின் உலகில் வயது தெரியாத மலை இல்லை; வயதுச் சான்று இல்லாமல் யாரும் சுரங்கம் தோண்டவும் முடியாது. பாறைக்குள் இருக்கும் சிர்க்கான் என்ற படிக மணி, உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. பிறகு யுரேனியம் மெல்ல ஈயமாகும். அந்த ஈயத்தைப் பார்த்துக் காலக்கண் நொடியில் வயது சொல்லிவிடும், பதினாயிரம் ஆண்டை ஓர் அலகாக வைத்து.

கடல்தட்டு அமிழும் இடத்தில் வில்போல் வளைந்து எழும் எரிமலை வரிசையான எரிமலை வில், பல லட்சம் ஆண்டுகள் கொதிக்கலாம். செம்பும் பொன்னும், அங்கே குழம்பு உறைந்து உருவாகும் புள்ளிப்பாறையில் வந்து சேர்வது கடைசிக் கொஞ்ச காலத்தில்தான். இதுவரை துளைத்த இடமெல்லாம் செத்த வில், வெறும் பாறை. இந்தத் துளையும் பொய்த்தால் நிலையத்தை மூடி எல்லாரையும் கரையேற்றிவிடுவதாகத் தலைமையகம் எழுதியிருந்தது.

இம்முறை செம்பும் இருந்தது, பொன்னும் இருந்தது. காலக்கண்ணில் வயது என்ற இடத்தில் ‘1’.

"ஒண்ணு. பதினாயிரம் வருஷம்," என்றார் உலகநாதன். "நேத்துப் பொறந்த தாதும்மா இது. சான்றை எழுதிருங்க வடிவு. திங்கக்கிழமை பாக்கியம் பெரிய துளையப் போடட்டும்."

சங்கரவடிவு எழுதவில்லை. "சார், ஒங்க பேத்திக்கு என்ன வயசு?"

"இப்ப எதுக்கு அது? மூணு நடக்கு."

"அப்போ முடிஞ்சது?"

"ரெண்டு." சொன்னவர் காலக்கண்ணைத் திரும்பப் பார்த்தார்.

அதைச் செய்தவர்கள் நம்மூர்க்காரர்கள். வீட்டில் சொல்வதுபோல நடப்பு வயதையே காட்டும்படி அமைத்திருந்தார்கள். கோடி ஆண்டுப் பாறையில் ஓர் அலகு கூடினால் என்ன, குறைந்தால் என்ன? யாரும் கேட்டதில்லை.

"ஒண்ணு நடக்குன்னா, முடிஞ்சது ஒண்ணுமில்ல," என்றாள் சங்கரவடிவு. "தனியாப் பிரிச்சுப் பாத்தேன் சார். ஈயமே இல்ல. தாது இன்னும் வெந்துக்கிட்டு இருக்கு. கீழ எரிமலைக் கொழம்பு உயிரோட கெடக்கு."

"அதுக்குள்ளயா என்னைய எறக்கப் பாத்தீங்க?" பாக்கியநாதன் நாற்காலியைப் பாறையிலிருந்து கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.

உலகநாதன் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுன்னே போட்டா என்ன? பொய்யில்லையே. போடலன்னா நிலையத்த மூடிருவாங்க."

"பொய்யில்லதான். ஆனா துளையப் போடப்போறது பாக்கியண்ணன்."

உலகநாதன், மூடுவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று பார்க்கச் சுரங்க விதிகளைத் திரையில் வரவழைத்தார். இரண்டு விதி தள்ளி இன்னொன்று கண்ணில் பட்டது. இன்னும் சேர்ந்து நிறையாத தாதுவைக் கண்டுபிடித்த நிலையம், அது நிறையும்வரை ஆள் வைத்துக் காக்க வேண்டும். தவறினால் சுரங்க உரிமை போய்விடும். கடலடி ஊற்றுகளில் சில வருடங்களிலேயே படிந்து வளரும் கந்தகத் தாதுக்களை மனத்தில் வைத்து யாரோ எழுதியது.

"இது எப்பம்மா நிறையும்?"

பழைய வில்களில் செம்பும் பொன்னும் சேர எடுத்துக்கொண்ட காலத்தை வைத்து அவள் கணக்குப் போட்டாள். "சுமாரா நாப்பதாயிரம் வருஷம் சார்."

"நடுவுல லீவு உண்டுல்ல?" என்றார் பாக்கியநாதன்.

உலகநாதன் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கடந்ததைச் சொல்வதற்கென்றே செய்த கருவி, அவர்களுக்கு வரப்போவதில் நாள் குறித்துக் கொடுத்திருந்தது.

தலைமையகத்துக்கு உரிமைக் கடிதம் கைப்பட எழுதித்தான் போக வேண்டும். அவர் நிறுத்தி நிதானமாக எழுதினார். தாது கிடைத்துவிட்டது, நிறையவில்லை, விதிப்படி காவல் இருக்கிறோம், அனைவரும் நலம். கீழே ஒரு வரி சேர்த்தார்: எங்களுக்குப் பின் இங்கு இருக்க வேண்டியவர்களை இப்போதே தேடத் தொடங்கவும்.

சங்கரவடிவு உறையை ஒட்டி முத்திரை வைத்தாள். பாக்கியநாதன் அதை மிதவைக் குப்பியில் போட்டு மேலே அனுப்பினார்.