இடது காலணி

மலையடிவாரத்தில் அப்பாவின் கார் வந்து நின்றது. ஆனால் என்ஜின் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே ஜீட்டாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நீங்க வரலையாப்பா?"

"வராம இருப்பேனா? ஆபீஸ்ல ஒரு சின்ன வேலை கண்ணு" என்றார் அப்பா, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல். "இன்னிக்கும் நாளைக்கும் நீங்க ரெண்டு பேரும் நடங்க. நாளைக்குச் சாயந்திரம் கேபிள் கார்ல ஏறி ரெண்டாவது குடிலுக்கு வந்துடறேன். மூணாம் நாள் பெரிய பனியாற்றை ஒண்ணாத் தாண்டுவோம்."

"ரெண்டு பேரா?"

பின்கதவு திறந்தது. முதுகில் பையோடு இவோ இறங்கினான்.

இவோ, மார்த்தாவின் மகன். போன வருடம் அப்பா மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இவோவுக்கு ஜீட்டாவைவிட ஒரு வயது குறைவு. அவன் தினமும் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஜீட்டா இவ்ரேயா நகரத்தில் அம்மாவோடு இருக்கிறாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறுதான் அவளுக்கு அப்பா கிடைப்பார். அதிலும் பாதி ஞாயிறுகளில் ஆபீஸ் வேலை வந்துவிடும்.

"உனக்குப் பதினொரு வயசாகட்டும், பெரிய பனியாற்றைத் தாண்டுவோம்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிவந்தார் அப்பா. பதினொன்று ஆகிவிட்டது. கூடவே இவோவும் வந்துவிட்டான்.

கார் திரும்பிப் போனது. ஜீட்டா இவோவின் காலைப் பார்த்தாள். பழுப்புத் தோல், பச்சைக் கயிறு.

"அது என்னோட பூட்ஸ்!"

"ரெனாத்தோதான் குடுத்தாரு. உனக்குச் சின்னதாயிடுச்சாமே" என்றான், அப்பாவைப் பெயர் சொல்லியே கூப்பிடும் இவோ.

அது உண்மைதான். இன்னொரு உண்மையும் ஜீட்டாவுக்குத் தெரியும். இடது காலணிக்குள் குதிகால் பக்கம் ஒரு தையல் துருத்திக்கொண்டிருக்கும். நடக்கும் முன்பே குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளாவிட்டால் அந்தத் தையல் கடித்துக் குதறிவிடும்.

அதை அவள் சொல்லவில்லை.

*

வழிகாட்டியின் பெயர் கிளேலியா. வெயிலில் காய்ந்த முகம், விசில் மாதிரி கூர்மையான குரல். குழுவில் இன்னும் ஒருவர் இருந்தார். தூரின் நகரத்தில் டிராம் ஓட்டும் பெர்த்தோனி. பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய பை. பை நிறைய சாக்லேட்.

சிறிய பனியாற்றின் ஓரத்தில் எல்லோரும் காலணிக்கு அடியில் இரும்பு முள்களை மாட்டிக்கொண்டார்கள். கிளேலியா நால்வரையும் ஒரே கயிற்றில் பிணைத்தாள். முதலில் கிளேலியா, அடுத்து ஜீட்டா, பிறகு இவோ, கடைசியில் பெர்த்தோனி.

"கயிறு ரொம்பத் தொங்கவும் கூடாது, வெடுக்குன்னு இழுக்கவும் கூடாது. முன்னாடி போறவங்க வேகத்துக்கு நடங்க. யாருக்காவது காலோ தலையோ வலிச்சா உடனே சொல்லணும். இங்க ஒருத்தர் விழுந்தா நாலு பேருக்கும் ஆபத்து. புரியுதா?"

"புரியுது" என்றார்கள்.

பனி காலடியில் கறுமுறுவென்று நொறுங்கியது. நீலமாக வாய் பிளந்து கிடந்த ஒரு பிளவை நெருங்கியபோது பின்னாலிருந்து பெர்த்தோனி கத்தினார்: "அடுத்த நிறுத்தம், பனிப்பிளவு! யாரும் இறங்க வேணாம்! வண்டி நிக்காது!"

இவோ சிரித்தான். ஜீட்டாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இவோ சிரிப்பதால் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடித்ததோடு விடாமல் கொஞ்சம் வேகமாகவும் நடந்தாள். கயிறு இழுத்து இவோ தடுமாறினான்.

"ஜீட்டா, மெதுவா!" என்றாள் கிளேலியா, திரும்பிப் பார்க்காமலே.

முதல் குடிலில் சூடான காய்கறி சூப்பும் பொலெந்தாக் களியும் கிடைத்தன. இவோ சாப்பிட்டுவிட்டு மெல்ல, மிக மெல்லப் படியேறிப் படுக்கப் போனான். ஜீட்டா அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி இன்னொரு கரண்டி களியை வாயில் போட்டுக்கொண்டாள்.

*

இரண்டாம் நாள் பாதி வழியிலேயே இவோ நொண்டத் தொடங்கினான். கிளேலியா திரும்பும்போதெல்லாம் நேராக நடந்தான். அவள் முன்னால் பார்த்ததும் நொண்டினான்.

பகல் இரண்டு மணிக்கு இரண்டாவது குடிலை அடைந்தார்கள். பெர்த்தோனியும் கிளேலியாவும் வாசலில் உட்கார்ந்து எண்ணெய் பூசியது போல் பளபளத்த மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலணிகளைக் கழற்றி வைக்கும் அறையில் ஜீட்டாவும் இவோவும் மட்டும் இருந்தார்கள்.

இவோ இடது காலணியைக் கழற்றினான். காலுறையின் பின்பக்கம் முழுவதும் சிவப்பு.

ஜீட்டா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"சொல்லிடாதே" என்றான் இவோ அவசரமாக. "கிளேலியாகிட்ட சொல்லாதே ஜீட்டா, ப்ளீஸ்! கீழ அனுப்பிடுவாங்க. சாயந்திரம் ரெனாத்தோ வரும்போது நான் இங்க இருக்கணும்."

"எனக்கென்ன வந்துச்சு. உன் காலு, உன் பாடு" என்றாள் ஜீட்டா. சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

குடிலைக் கவனித்துக்கொள்ளும் தொமாசோ, கையில் பாத்திரம் துடைக்கும் துணியோடு அவளிடம் வந்தார்.

"ரெனாத்தோவோட பொண்ணு நீதானே?"

"ஆமா."

"மத்தியானம் உங்கப்பா போன் பண்ணாரும்மா. வேலை முடியலையாம். வர முடியாதாம். மூணாம் நாள் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி வருவீங்கல்ல, அங்க காரோட நிப்பாராம்." தொமாசோ துணியை முறுக்கினார். "அந்தப் பையன்கிட்ட நான் சொல்லட்டுமா?"

ஜீட்டா கேபிள் கார் நிலையத்திலிருந்து மேலே வரும் பாதையைப் பார்த்தாள். இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். இருவரில் ஒருவரும் அப்பா இல்லை. அழுகை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அப்பா வராத பள்ளி நாடகத்தன்று வந்தது. பிறந்தநாளன்று வந்தது. எத்தனை தடவைதான் வரும்?

"நானே சொல்றேன்" என்றாள்.

இவோ ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தான். எதிர் நாற்காலியில் தன் தொப்பியை வைத்திருந்தான், வேறு யாரும் உட்காராமலிருக்க.

"அப்பா வரமாட்டாராம்."

"பொய்."

"தொமாசோகிட்ட கேளு. வேலையாம். நாளைக்கு மலைக்கு அந்தப் பக்கம் காரோட நிப்பாராம்."

இவோவின் காதுகள் சிவந்தன. "ஆனா அவரு சொன்னாரே! 'நீயும் நானும் மட்டும் இவோ, பெரிய பனியாற்றைத் தாண்டுவோம்'னு போன கிறிஸ்துமஸ்லயே சொன்னாரே! நேத்துக் காலைல காருக்குள்ளதான் நீயும் வர்றேன்னே எனக்குத் தெரியும்."

ஜீட்டா நாற்காலியிலிருந்த தொப்பியை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அதே வார்த்தைகள். 'நீயும் நானும் மட்டும்.' அவளிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். அந்த 'மட்டும்' தனக்கே தனக்கு என்று இரண்டு வருடமாக அவள் பத்திரமாக வைத்திருந்தாள். அப்படி ஒன்று அவனிடமும் இருந்திருக்கிறது.

"பரவால்ல" என்று இவோ மூக்கைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்குப் பெரிய பனியாறு முழுக்க நடந்துடுவேன். அங்க கார்கிட்ட நிப்பாருல்ல, நேரா போய் நிப்பேன். நான் நடந்துட்டேன்னு அவரு பாக்கணும்."

"அந்தக் காலோடயா?"

"உனக்கென்ன? என் காலு, என் பாடு. நீதானே சொன்னே?"

ஜீட்டா எழுந்தாள். நேராக வாசலுக்குப் போனாள். கிளேலியாவின் முன்னால் நின்றாள்.

"இவோவோட இடது காலு புண்ணாயிடுச்சு. ரத்தம் வருது. அந்த பூட்ஸ் என்னோடது. உள்ள தையல் கடிக்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். நான் சொல்லல."



கிளேலியா எழுந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது ஜீட்டாவுக்கு. கிளேலியா மருந்துப் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சற்று நேரத்தில் இவோவின் குரல் கேட்டது. "காட்டிக் குடுத்துட்டா! காட்டிக் குடுத்துட்டா!"

அன்று முழுவதும் அவன் ஜீட்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பெர்த்தோனி நீட்டிய சாக்லேட்டைக்கூட, ஜீட்டா அதில் ஒரு துண்டு எடுத்துவிட்டதால், வேண்டாம் என்று தள்ளிவிட்டான்.

*

மூன்றாம் நாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. குடிலுக்கு எதிரே பெரிய பனியாறு அகலமாக, வெள்ளையாக, வளைந்து கிடந்தது. ஜீட்டா கனவில் பார்த்ததைவிட அது பெரியது.

தொமாசோ ரொட்டி வாங்கக் கேபிள் காரில் கீழே போகிறார். இவோவையும் கூட்டிப்போவார் என்று ஏற்பாடு. மலையின் மறுபக்கத்துக்குப் பதிலாக, இந்தப் பக்கத்து நிலையத்துக்கு வந்து இவோவைக் கூட்டிக்கொள்ளும்படி அப்பாவுக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது. ஜீட்டாவைப் பிற்பாடு மறுபக்கத்தில் அழைத்துக்கொள்வார்.

ஜீட்டா இரும்பு முள்களை மாட்டினாள். இடுப்புப் பட்டையில் கயிற்றைத் தானே முடிச்சுப் போட்டாள். கிளேலியா இழுத்துப் பார்த்து, "பலே!" என்றாள்.

இவோ வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட காலில் குடிலின் பெரிய சிவப்பு ரப்பர் செருப்பு. கழன்று விழாமலிருக்கத் தொமாசோ அதைக் கயிற்றால் கட்டிவிட்டிருந்தார். இவோ பனியாற்றைப் பார்க்கவில்லை. ஜீட்டாவையும் பார்க்கவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே அவன் தனியாக நிற்பான். அப்பா சொன்ன நேரத்துக்கு வரமாட்டார். ஒவ்வொரு காரையும் அவர் கார் என்று நினைத்து எழுந்திருப்பான். அது எப்படி இருக்கும் என்று ஜீட்டாவுக்கு நன்றாகத் தெரியும். இவோவுக்கு அது பழக்கமில்லை.

"கிளம்பலாமா?" என்றாள் கிளேலியா.

ஜீட்டா இன்னொரு முறை பனியாற்றைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள்.

"நான் கீழ போறேன்."

"நிஜமாவா? உன்னை யாரும் போகச் சொல்லல ஜீட்டா. நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டேன்" என்றாள். "எனக்குப் போகப் பிடிக்கல. ஆனா போறேன்."

பெர்த்தோனி தன் பையைத் திறந்து இரண்டு முழு சாக்லேட் கட்டிகளை அவள் கையில் திணித்தார். டிராம் வேடிக்கை எதுவும் அவர் பேசவில்லை.

கயிற்றில் இரண்டு பேர் மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பனியில் தேய்ந்து போவதை ஜீட்டா பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அழுதாள், யாருக்கும் காட்டாமல், மலைப்பக்கம் திரும்பிக்கொண்டு.

தொமாசோவின் பின்னால், கேபிள் கார் நிலையத்துக்கு இறங்கினார்கள். டபக், டபக் என்று சிவப்புச் செருப்பு மட்டும் பேசியது.

"எதுக்கு வந்தே?" என்றான் கடைசியில்.

"சும்மா."

"நீ போயிருக்கணும், லூசு."

"ஆமா. போயிருக்கணும்."

கொஞ்ச தூரம் போனதும் ஜீட்டா சொன்னாள்: "தையல் கடிக்கும்னு எனக்குத் தெரியும்டா. வேணும்னேதான் சொல்லல. ஸாரி."

டபக், டபக்.

"கிளேலியா சொன்னாங்க" என்றான் இவோ. "ராத்திரி பூரா உன்னைத் திட்டிக்கிட்டே படுத்திருந்தேன். எல்லாக் கெட்ட வார்த்தையும் தீர்ந்துபோச்சு."

"எத்தனை தெரியும்?"

"அஞ்சு."

*

கேபிள் காரில் இறங்கியதும், கீழ் நிலையத்தின் முன்னால் ஒரு பெஞ்ச் இருந்தது. அரை மணி நேரத்தில் வருவதாக அப்பா போனில் சொன்னார். தொமாசோ ரொட்டி மூட்டைகளை அடுக்கியபடி பக்கத்துக் கடையிலிருந்து அவர்களைக் கவனித்துக்கொண்டார்.

அரை மணி ஆயிற்று. இவோ மூன்று முறை எழுந்து, மூன்று முறை உட்கார்ந்தான்.

"அந்த வளைவைப் பாக்காதே" என்றாள் ஜீட்டா. "பாத்தா நேரமே போகாது. வேற எதையாவது பாரு. அதோ அந்த மாடு. அது எத்தனை தடவை வாலை ஆட்டுதுன்னு எண்ணு."

"நீ இப்படித்தான் பண்ணுவியா?"

"எங்க வீட்டுக்கு எதிர்ல மாடு இல்ல. டிராபிக் சிக்னல்தான்."

மாடு முந்நூற்றுப் பன்னிரண்டாவது முறை வாலை ஆட்டியபோது கார் வந்தது. சாக்லேட் இரண்டும் தீர்ந்திருந்தன. இரண்டு மணி நேரம் போயிருந்தது.

அப்பா இறங்கி இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். "அடடா, என் தங்கங்களா! வழியெல்லாம் ஒரே நெரிசல். நீயும் இறங்கிட்டியா ஜீட்டா? ஏன்? சரி விடு, அடுத்த வருஷம் நிச்சயமா..."

"அப்பா, இவோவுக்குக் காலு வலிக்குது" என்றாள் ஜீட்டா. "போகலாம்."

அப்பா முன்கதவைத் திறந்துவிட்டு, "வா கண்ணு, நீ முன்னாடி என் பக்கத்துல உக்காரு" என்றார் அவளிடம்.

ஜீட்டா பின்கதவைத் திறந்து இவோவை ஏற்றிவிட்டு, அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அவன் கட்டுப்போட்ட காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள்.

முன்னால் அந்த இருக்கை காலியாகவே இருந்தது. அப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

"உன் காலு நாறுதுடா" என்றாள் ஜீட்டா.

"எடுத்துடட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."