ஐந்தாவது ஓட்டு

"ஆ... ஆ... ஆ...!"

வில்லோ பென்ட் பள்ளிக்கூடத்தின் கால்பந்து மைதானத்தில் இருந்து கிளம்பிய அந்த அலறலில், மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஸ்பூனைக் கீழே போட்டார்கள்.

அலறியது ஓட்டப் பயிற்சி கோச்.

கேலரியின் உச்சியில் இருக்கும் அறிவிப்பாளர் கூண்டுக்குப் போகும் இரும்புப் படிக்கட்டு. அதன் அடியில், கழுத்து ஒரு பக்கமாய்த் திரும்பிக் கிடந்தாள் ஆர்டிஸ் ப்ரோகாப்!

ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். பள்ளியை நிர்வகிக்கும் போர்டின் ஐந்து உறுப்பினர்களில் ஒருத்தி.

நெப்ராஸ்காவின் மார்ச் காற்று அவளுடைய நரைமுடியைக் கலைத்துக்கொண்டே இருந்தது.

துணை ஷெரீஃப் டெஸ் குபிசெக் அருகில் மண்டியிட்டாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

ஜில்லென்று இருந்தது.

அவளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்த கை அது.

"வழுக்கி விழுந்திருப்பாங்களோ?" என்றார் கோச்.

டெஸ் இன்னும் குனிந்தாள். ஆர்டிஸின் கோட்டுக் கையைப் பார்த்தாள். தோள்பட்டையோடு கிழிந்திருந்தது. யாரோ பிடித்து இழுத்த கிழிசல்!

"இல்ல கோச். யாரோ விழ வெச்சிருக்காங்க."

"இன்னிக்கா...? இன்னிக்குப் போயா?"

ஆமாம். இன்றைக்குத்தான்!

இன்று சாயங்காலம் போர்டு ஓட்டெடுப்பு. வில்லோ பென்ட் பள்ளியைப் பக்கத்து ஊரான கார்வரின் பள்ளியோடு இணைக்கலாமா, வேண்டாமா? இணைத்தால் இந்தக் கட்டிடத்துக்குப் பூட்டு. முடிவை இன்றே மாநில அரசுக்கு அனுப்பியாக வேண்டும். கெடு தாண்ட முடியாது.

டெஸ்ஸின் போன் அலறியது. மறுமுனையில் ஷெரீஃப்.

"டெஸ், சந்தேகமே வேண்டாம். அந்த ஓல்ட்மனைப் பிடி! போன வாரம் காபிக் கடையில ஊரே பார்க்க ஆர்டிஸ்கிட்டக் கத்தினான்ல?"

"பார்க்கறேன் சார்."

"பார்க்காதே... பிடி!"

*

ஓல்ட்மன் தன் டிராக்டர் கொட்டகையில் இருந்தார். ஊரிலேயே அதிக நிலம் வைத்திருப்பவர். போர்டு உறுப்பினர். நிலத்துக்குப் போடும் பள்ளி வரியை உயர்த்தும் யோசனையை ஊர் இரண்டு தடவை தோற்கடித்தது என்றால், இரண்டு தடவையும் முன்னால் நின்றவர் அவர்தான்.

செய்தியைக் கேட்டதும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஆர்டிஸா...? ஆர்டிஸ் செத்துட்டாளா?"

"நடிக்காதீங்க. காபிக் கடையில என்ன சொன்னீங்க?"

"'உன் பிடிவாதத்தால எங்க நிலமெல்லாம் வரியிலேயே கரையுது'ன்னு சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். அவளும் கத்தினா. முப்பது வருஷமா நாங்க அப்படித்தான் பேசிக்கறோம்!"

"இப்ப உங்களை எதிர்க்க ஆளில்ல. வசதியாப் போச்சு, இல்லையா?"

ஓல்ட்மன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா... ஆர்டிஸ்கிட்டதானே நீ கணக்குப் படிச்சே?"

"ஏன்?"

"போர்டுல அஞ்சு பேரு. இணைக்கணும்னு நானும் அந்தப் பல் டாக்டரும். கூடாதுன்னு தலைவர் வெண்டலும் மளிகைக் கடைக்காரரும். அஞ்சாவது ஆர்டிஸ். அவ கூடாதுன்னுதான் போடுவான்னு ஊருக்கே தெரியும். அப்ப நாங்க தோத்தோம். சரியா?"

"சரி."

"அவ செத்துட்டா ரெண்டுக்கு ரெண்டு. சமமா வந்தா தீர்மானம் விழுந்துடும். அப்பவும் நாங்க தோத்தோம்! தோக்கறதுக்கு ஒருத்தன் கொலை வேற பண்ணுவானா?"



டெஸ்ஸுக்குச் சுளீரென்று உறைத்தது!

ஆர்டிஸ் 'கூடாது' என்று ஓட்டுப் போடுவதாக இருந்தால், அவள் சாவால் யாருக்கும் எந்த லாபமும் இல்லை.

ஆனால்... 'இணைக்கலாம்' என்று போடுவதாக இருந்தால்?

மூன்றுக்கு இரண்டு. பள்ளி மூடப்படும். அவள் செத்தால்தான் பள்ளி பிழைக்கும்!

"ஆர்டிஸ் மனசு மாறியிருப்பாங்களா?" என்றாள் டெஸ்.

"போன மாசம் அவ வகுப்பு வகுப்பாப் போய் உட்கார்ந்தா. அது மட்டும் தெரியும். வெளிய வந்தப்ப முகமே சரியில்ல."

அந்த வகுப்புகள் எப்படி இருக்கும் என்று டெஸ்ஸுக்குத் தெரியும். அவள் மகளும் அங்கேதான் படிக்கிறாள். இரண்டு வருடமாகக் கணக்கு டீச்சரே கிடையாது. விளம்பரம் கொடுத்தும் யாரும் வரவில்லை. சுவரில் ஒரு திரை. திரையில் வேறு ஏதோ ஊரின் டீச்சர். பிள்ளைகள் கை தூக்கினாலும் அவருக்குத் தெரியாது. மாநிலத் தேர்வில் வில்லோ பென்ட்டின் கணக்கு மதிப்பெண் அடிமட்டம்.

டெஸ் ஜீப்பைத் திருப்பினாள்.

பள்ளியைக் காப்பாற்றத் துடிக்கிறவர்கள் பட்டியல் போட்டால் அதில் முக்கால்வாசி ஊர் வரும்.

அவளுடைய கணவன் மாரெக்கும் வருவான். அங்கே தச்சுப் பட்டறை ஆசிரியர். பள்ளி போனால் வேலை போச்சு!

காலையில் டோஸ்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே, "யாராவது ஏதாவது பண்ணித் தடுத்தாத் தேவலை" என்று சொன்னானே...

சே! என்ன யோசனை இது!

ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு மாரெக்கைக் கூப்பிட்டாள்.

"காலைல இருந்து எங்க இருந்தே?"

"பட்டறையில. பசங்களோட. ஏன்? டெஸ்... என்னையா கேக்கறே?"

"எல்லாரையும்தான் கேக்கறேன்."

போனை வைத்துவிட்டு ஜீப்பை மைதானத்துக்கு விட்டாள்.

*

கூண்டுக்குள் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு மைக்.

மைக்கின் ஒயர் பெட்டியில் சொருகியபடியே இருந்தது. சனிக்கிழமை ஓட்டப் பந்தயம். யாரோ சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

டெஸ் கையுறையோடு சுவிட்சைத் தட்டினாள்.

"ஹலோ... ஹலோ..."

மைதானத்தைச் சுற்றி ஆறு ஒலிபெருக்கிகள். ஐந்து ஊமை. ரிப்பேர் செய்யப் பணமில்லை என்று போர்டு வருடா வருடம் தள்ளிப் போட்டதன் பலன். சமையலறைப் பின்வாசலைப் பார்த்து நின்ற ஒன்று மட்டும் கரகரவென்று கத்தியது.

அதே நொடி...

பின்வாசலில் ஒரு பெண் கையில் இருந்த வாளியை நழுவவிட்டாள். நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்!

லுப்பே. பள்ளிச் சமையல்காரி.

டெஸ் படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

"லுப்பே! ஒரு மைக் சத்தத்துக்கு ஏன் இப்படி நடுங்கறே?"

"ஒண்ணுமில்ல. குளிரு."

"லுப்பே..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. விடுங்க. அடுப்புல சோளம் இருக்கு."

"ஆர்டிஸ் டீச்சர் உன் பையனுக்கு வீட்டுல வெச்சுக் கணக்குச் சொல்லித் தந்தாங்க. காசு வாங்கினாங்களா?"

லுப்பேயின் உதடு கோணியது. ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

"நான் வாயைத் திறந்தா இந்த ஸ்கூல் போயிடும். ஸ்கூல் போனா என் அடுப்பும் போயிடும். புரியுதா உங்களுக்கு?"

"புரியுது. என் வீட்டுக்காரர் வேலையும்தான் போகும். சொல்லு!"

ஒலிபெருக்கி இன்னும் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

"குப்பை கொட்ட வந்தேன். இதுல பேச்சு கேட்டுச்சு. டீச்சர் குரல். 'உன்கிட்ட முதல்ல சொல்லிடறதுதான் மரியாதைன்னு வந்தேன். நான் இணைக்கணும்னு போடப் போறேன். இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு நிஜமான வாத்தியார் வேணும்'னு சொன்னாங்க."

"அப்புறம்?"

"'போட மாட்டே ஆர்டிஸ்!'னு ஒரு ஆம்பளைக் குரல். ஏதோ உருண்ட சத்தம். அப்புறம்... டக்! மைக்கை நிறுத்திட்டாங்க."

"யார் குரல்?"

லுப்பே அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"இந்த ஊர்ல அந்தக் குரல் தெரியாதவங்க யாரு மேடம்? வெள்ளிக்கிழமை மேட்சுக்கு மேட்ச் இதுலதானே கத்துவாரு!"

வெண்டல் ஸ்ட்ராண்ட்!

போர்டுத் தலைவர்.

*

கூடைப்பந்து அரங்கத்தில் ஊரே கூடியிருந்தது. வளையத்துக்குக் கீழே நீள மேஜை. நான்கு பேர். ஒரு காலி நாற்காலி. அதன்மேல் பூங்கொத்து.

டெஸ் வாசலிலேயே நின்று ஷெரீஃப்புக்குச் சொல்லி முடித்தாள்.

மறுமுனையில் பெருமூச்சு.

"டெஸ்... அவனை இப்பவே தூக்கினா மேஜையில மூணு பேரு. இணைக்கணும்னு ரெண்டு, வேண்டாம்னு ஒண்ணு. ஸ்கூல் காலி!"

"தெரியும் சார்."

"கூட்டம் முடிஞ்சதும் தூக்கினா என்ன? எங்க ஓடிடப் போறான்? நீயும் நானும் படிச்ச ஸ்கூல்மா அது!"

டெஸ் கூட்டத்தைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் மாரெக். பக்கத்தில் மகள். மாரெக் அவளைப் பார்த்துப் பதட்டமாகக் கையசைத்தான்.

சும்மா இருந்தால் போதும். நின்ற இடத்திலேயே சும்மா நின்றால் போதும். பள்ளி பிழைக்கும். வேலை பிழைக்கும்.

கிழிந்த கோட்டுக் கை கண்ணுக்குள் வந்து நின்றது.

"சார், லைன் சரியில்ல. கேக்கல" என்று போனை அணைத்தாள்.

மேஜையை நோக்கி நடந்தாள்.

வெண்டல் மைக்கைப் பிடித்திருந்தார். "நம்ம ஆர்டிஸ் இந்த ஸ்கூலுக்காகவே வாழ்ந்தா! அவ பேரைச் சொல்லி நாம இன்னிக்கு..."

டெஸ் குனிந்தாள்.

"மைக்கை அணைச்சிருங்க வெண்டல். காலைல மறந்த மாதிரி இப்பவும் மறந்துடாதீங்க."

வெண்டலின் முகம் வெளிறிப் போனது.

சுவிட்சைத் தட்டினார்.

"நான் கொல்ல நினைக்கல டெஸ். கையைத்தான் பிடிச்சேன். அவ உதறினா. கோட்டு கிழிஞ்சு..."

"ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே."



"ஒரு மணி நேரம் குடு! ஓட்டுப் போட்டுட்டு நானே வரேன். உன் மாரெக்கை நினைச்சுப் பாரு! நான் எனக்காகவா பண்ணினேன்? ஸ்கூலுக்காகப் பண்ணினேன்!"

"எழுந்திருங்க."

விலங்கு மாட்டிய சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது.

யாரோ "ஓ!" என்றார்கள். யாரோ அழுதார்கள். பல் டாக்டர் எழுந்து, வறண்ட குரலில், "கெடு இன்னிக்குத்தான். பேச விரும்பறவங்க வரிசையா வாங்க. அப்புறம் ஓட்டெடுப்பு" என்றார்.

மாரெக் டெஸ்ஸைப் பார்த்தான். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்திருந்தால் கால் நின்றிருக்கும்.

*

ஷெரீஃப் அலுவலகம்.

ஷெரீஃப் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்திருந்தார். கம்பிக்குப் பின்னால் வெண்டல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

சட்டென்று நின்றார். கண்கள் பளபளத்தன.

"டெஸ்! போர்டோட பனிப்புயல் விதி! வர முடியாத உறுப்பினர் போன்லயே ஓட்டுப் போடலாம்! நான் இன்னும் உறுப்பினர்தான். என்மேல குற்றம் நிரூபிக்கல!"

ஷெரீஃப் துள்ளி எழுந்தார். "அட! ஆமா! சட்டப்படி செல்லும்!"

டெஸ் யோசித்தாள். செல்லும். மறுக்க அவளுக்கு அதிகாரமில்லை.

அந்த ஓட்டு விழுந்தால்? ரெண்டுக்கு ரெண்டு. மாரெக்கின் பட்டறை. லுப்பேயின் அடுப்பு...

"கைதானவங்க விதிப்படி இப்ப ஒரு போன் பண்ணிக்கலாம் வெண்டல். ஒண்ணே ஒண்ணு. யாருக்கு வேணா பண்ணுங்க" என்றாள்.

"ஒண்ணா? அப்ப வக்கீலு?"

"ஓட்டுக்குப் பண்ணினா வக்கீல் நாளைக் காலைல. இல்ல, வக்கீலுக்கு இப்ப. உங்க இஷ்டம்."

வெண்டல் ரிசீவரை வாங்கினார்.

விரல் எண்களுக்கு மேல் நின்றது.

இறங்கியது... மறுபடி ஏறியது...

பிறகு கடகடவென்று தட்டினார்.

ஷெரீஃப் மூச்சைப் பிடித்துக்கொண்டார். டெஸ்ஸும்தான்.

"ஹலோ..." என்றார் வெண்டல். "வக்கீல் சார் இருக்காருங்களா?"

ஷெரீஃப் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் மாரெக்கிடமிருந்து செய்தி வந்தது. ரெண்டுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது. கடைசியில் ஆர்டிஸ் டீச்சர் நினைத்ததே நடந்தது!

செய்தியின் அடியில் மாரெக் இன்னொரு வரியும் எழுதியிருந்தான்.

'வீட்டுக்கு வா. சூப் சூடா இருக்கு.'

டெஸ் கண்ணை அழுத்தித் துடைத்துவிட்டு சாவிக்கொத்தை எடுத்தாள்.

ஷெரீஃப் கம்பிப் பக்கம் கையை நீட்டினார். "என்னம்மா இவன்... ஸ்கூலுக்காக ஒரு உயிரையே எடுத்தவன்!"

"ஆமா சார்" என்றாள் டெஸ், தொப்பியை மாட்டிக்கொண்டே. "அடுத்தவங்க உயிருன்னா தாராளமா எடுப்பாரு... சொந்தச் செலவுன்னா ஸ்கூலுக்காக ஒரு போன்கூடப் பண்ண மாட்டாரு!"