முன்சீட்டு முறை

தட்டில் கை வைத்தபடியே தூங்கிப்போயிருந்தான் பென்சன். பழைய சோற்றுக்குள் ஐந்து விரலும் முங்கிக் கிடந்தன. வாயில் போட்ட கவளம் மெல்லப்படாமல் கன்னத்தில் உருண்டையாக நின்றது. கிரேசி அவன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீட்டியிருந்த வலது கால் திடீரென்று விறைத்து, பாதத்தால் எதையோ அழுத்தியது. மறுபடி ஒரு தடவை அழுத்தியது. எதிரே வெறும் சுவர்தான்.

"பென்சா... டேய் பென்சா. முழுங்கிட்டுத் தூங்குடா."

"புடிச்சிட்டேன் அண்ணி... பிரேக்கு புடிச்சிட்டேன்" என்று எழுந்தவன், சோற்றுத் தட்டைப் பார்த்த பிறகுதான் வீட்டில் இருப்பதை உணர்ந்தான். கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு பாயில் விழுந்தான். "ஒரு மணிக்கு எழுப்பு. செகண்ட் ஷிஃப்டு பொண்ணுங்கள ஏத்தணும்" என்றது மட்டும் காதில் விழுந்தது.

கிரேசிக்கு அவன் கொழுந்தன். இந்த வடக்குப்பட்டு வீட்டுக்கு அவள் வாழ வந்தபோது அவனுக்கு ஆறு வயசு, தாயில்லாப் பிள்ளை. கர்த்தர் அவள் வயிற்றில் ஒன்றும் வைக்கவில்லை, இவனை வைத்தார். ஜல்லிக் கூடை சுமந்த காசில் அவனுக்குப் பள்ளிக்கூடத்துச் சட்டை தைத்தாள். போன வருஷம் அவன் கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்க ஏழு பேர் வண்டி ஒன்று எடுக்க ஆசைப்பட்டபோது, கழுத்துச் செயினைக் கழற்றி முன்பணம் கொடுத்தவளும் அவள்தான். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பழைய கடன் பாக்கி. அதனால் வண்டியும் கடனும் கேண்டீன் சம்பளச் சீட்டு வைத்திருந்த கிரேசியின் பேரில் ஏறின.

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இந்த வண்டி இரண்டு விதமாகவும் தின்றது. ஓடினால் டீசல், நின்றால் மாசத் தவணை டியூ. கம்பெனி பாதி வண்டிகளை நிறுத்திவிட்டு பஸ் விட்டது. டிராவல்ஸ்காரன் பில்லை இரண்டு மாசம் தள்ளிப் போட்டான். மூன்று டியூ ஏறிப்போனது. முந்தின நாள் பைனான்ஸ் ஆபீசிலிருந்து ஜெபகுமார் என்ற பையன் வந்து, சர்ச்சு மதில் ஓரமாகக் கிரேசியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். "நாளைக்கு சாயந்திரம் வரைக்கும்தான்கா. அப்புறம் வண்டிய தூக்க வேற ஆளுங்க வருவாங்க. அவுங்க என்னை மாதிரி பேச மாட்டாங்க."

அவன் சொன்ன 'நாளை' இன்றைக்குத்தான்.

"இதுல யோசிக்க இன்னா கீது?" கிரேசியின் புருஷன் ஜெபதாஸ் செக்யூரிட்டி சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே கேட்டான். பிரஸ் மிஷினில் இரண்டு விரல் போன வலது கையில் பித்தான் வழுக்கியது. கிரேசி போய்ப் போட்டுவிட்டாள். "டிராவல்ஸ் சுடலைக்கண்ணு வண்டிய அடமானத்துக்குக் கேக்கறாரு. கைல ஒரு லட்சம் குடுத்துடுவாரு. டியூவையும் அவரே கட்டிக்கினு, அவர் ஆள வெச்சி ஓட்டிப்பாரு. நமக்கு வசதி வரும்போது மீட்டுக்கலாம்."

"பேரு என்னுது. எவனோ எங்கயோ எதையோ ஏத்திக்கினு போய் மாட்டினா, போலீசு யார் வூட்டுக்கு வரும்?"

"அதெல்லாம் வேணாம் மாமா. அவரே ஓட்டுவாரு. இன்னும் ரெண்டு டிரிப்பு சேத்து ஓட்டினா போச்சி" என்றாள் ஃபெபி. பென்சனின் பெண்டாட்டி. ஏழு மாசம். சுவரில் சாய்ந்து இடுப்பைப் பிடித்தபடி நின்றாள். "எங்கப்பா ஊரெல்லாம் மாப்பிள்ளைக்குச் சொந்த வண்டின்னு சொல்லிக்கினு கீறாரு. அடுத்த மாசம் சீமந்தத்துக்கு நான் ஷேர் ஆட்டோல போய் இறங்கணுமா?"

"தூக்கத்துல பிரேக் அழுத்தறான்மா அவன். திருப்பிக் குடுத்துடலாம். கைநீட்டி வாங்கினத கையாலயே குடுத்துடலாம்."

"குடுப்பீங்கக்கா. உங்களுக்குச் செயின் போன வயித்தெரிச்சல். நேத்து மதில் ஓரமா அந்தப் பையனோட குசுகுசுன்னு பேசினத நான் பாக்கலன்னு நெனச்சீங்களா?"

கிரேசிக்கு வேலைக்குப் போகும் பஸ் வந்துவிடும். மதியத்துக்குத் துவையல் அரைக்க மிளகாய்க் கூடையைத் துழாவினாள். நேற்று வாங்கிய பச்சை மிளகாய் ஒன்றுகூட இல்லை. இந்த வீட்டில் ஒரு மாசமாக மிளகாய் மட்டும் காணாமல் போகிறது. காரம் தின்கிறவர்கள் யாருமில்லை. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

செல்போன் கம்பெனி கேண்டீனில் ஒரு ஆள் குளிக்கிற அளவு அண்டாவில் சாம்பார் கொதித்தது. பத்தரைக்கு முதல் ஷிஃப்டு பெண்கள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். வல்லக்கோட்டைப் பக்கம் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் நிலா, தட்டை நீட்டாமல் வரிசையை விட்டு ஓரமாக வந்தாள். பென்சன் வண்டியில் வருகிறவள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இன்னாம்மா, ஜுரமா?"

"அக்கா... ஒண்ணு சொன்னா எங்க பேரு வெளிய வரக் கூடாது. ஹாஸ்டல்ல தெரிஞ்சா வேலையே போயிடும்."

"சொல்லு."

"பென்சன் அண்ணா ஓட்டும்போது தூங்கிடுறாரு. ஒரு மாசமா. நாங்க ஆறு பேரும் முறை வெச்சிருக்கோம். ஒரு நாளைக்கி ஒருத்தி முன்சீட்ல உக்காந்து அவர்கிட்ட பேசிக்கினே வரணும். அவர் தலை சாஞ்சா கிள்ளி வுடணும். பின்னாடி இருக்கறவங்க தூங்கலாம். இன்னிக்கி காலைல என் முறைக்கா. ஓவர்டைம் பாத்துட்டுப் படுத்ததே ரெண்டு மணி... நான் தூங்கிட்டேன்."

சாம்பார்க் கரண்டி அண்டாவிலேயே நின்றது.

"முழிச்சிப் பாத்தா ஓரகடம் மேம்பாலத்துக்குக் கீழ, லைட்டே போடாம நின்ன கண்டெய்னர் லாரிக்குப் பின்னாடி வண்டி நிக்கிது. நடுவுல இந்த ஒரு முழம் எடம்தான். அண்ணா ஸ்டியரிங்கப் புடிச்சிக்கினு அழுறாரு. யாரும் ஒண்ணும் பேசல. கம்பெனிக்கு வந்து டிரிப் சீட்ல கையெழுத்துப் போட்டோம். அதுல டிரைவர் பேரு ஜெபதாஸ்னு இருந்திச்சி. அது யாருக்கா?"

ஒரு டிரைவர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். அதற்கு மேல் ஓடும் டிரிப்புகளைப் பென்சன் அண்ணனின் லைசன்சில் ஓட்டுகிறான். வண்டி அவள் பேரில், லைசன்சு புருஷன் பேரில், தூக்கம் கொழுந்தன் கண்ணில். ஆறு வீட்டுப் பெண்கள் உள்ளே.

இரண்டு மணிக்கு இவர்கள் அதே வண்டியில்தான் திரும்ப வேண்டும்.

சூப்பர்வைசரிடம் வயிற்று வலி என்று சொல்லி அரை நாள் லீவு வாங்கினாள். ரோட்டில் நின்று புருஷனுக்குப் போன் போட்டாள்.

"உன் லைசன்சுல அவன் ஓட்டறான். உனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் லாரிகளின் ஹாரன் சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஜெபதாஸ், "என்னால ஓட்ட முடியல கிரேசி... பேராவது ஒதவட்டும்னு குடுத்தேன்" என்றான்.

அவள் போனை வைத்தாள். அவனைத் திட்ட இன்னொரு நாள் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டே கால். பென்சன் குப்புறக் கிடந்தான். ஃபெபி ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். பெட்டியில் ஞானஸ்நானச் சீட்டுகளுக்கு அடியில் மாற்றுச் சாவி இருந்தது. எடுக்கும்போது கொழுந்தனின் கால் பாயில் விறைத்து அழுத்தியது. சத்தமில்லாமல் அவன் தலைமாட்டுப் போனில் அலாரத்தை நிறுத்தினாள்.

சர்ச்சு மதில் ஓரம் வண்டி வெயிலில் நின்றது. அவள் போனில் கூப்பிட்டிருந்த ஜெபகுமார் காகிதத்தோடு வந்தான். "அக்கா, வண்டிய நீங்களே ஒப்படைக்கிறீங்கன்னு கையெழுத்து. ஏலத்துல வித்தது போக மீதி இருந்தா நீங்கதான் கட்டணும். அது பெருசாவும் வரலாம். புரிஞ்சிதான போடறீங்க?"

"புரிஞ்சிதான் போடறேன். அது பணம். எப்ப வந்தாலும் பணமாத்தான் வரும்."

போட்டாள். உள்ளே இருந்த சாமான்களை எடுக்கச் சொன்னான். மெத்தைத் துண்டு, தண்ணீர் பாட்டில், தலைவலி டப்பா. டிரைவர் பக்கக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை. பிரித்தால் பச்சை மிளகாய். பாதிக்கு மேல் கடித்து மிச்சம் வைத்தவை. கண் சொருகும்போதெல்லாம் கடித்த பல் பதிந்திருந்தது.

பையை முந்தானையில் முடிந்துகொண்டு மதிலில் சாய்ந்துவிட்டாள். பிறகு டிராவல்ஸ் சுடலைக்கண்ணுக்குப் போன் போட்டு, ஒரு மணி டிரிப்புக்கும் ரெண்டு மணி டிரிப்புக்கும் வேறு வண்டி அனுப்பச் சொன்னாள்.

"என்னக்கா சொல்லுதீய? நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு? அடமானம் பேசி வச்சிருக்கேன், இப்பம் போய்..."

"ஆள் முழிச்சிக்கினு ஓட்டற வண்டியா அனுப்புங்க" என்று மட்டும் சொன்னாள்.

பென்சன் நாலு மணிக்கு விழித்தான். மணியைப் பார்த்து ஓடியவன், டயர் தடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். வந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணி... யாரு எடுத்தா?"

"நான்தான் குடுத்தேன்."

"குடுத்தியா? தூங்கறவன் தலைமாட்ல வந்து அலாரத்த நிறுத்திட்டு... என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா? எங்கம்மா மூஞ்சி எனக்கு ஞாபகமில்ல. உன் மூஞ்சிதான். நீயா இத செஞ்ச?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஃபெபி வாசலிலேயே நின்றாள். "கேக்காதீங்க. இயேசுவ யாரு காட்டிக் குடுத்தா? கூட உக்காந்து சாப்பிட்டவன்தான். எத்தினி வெள்ளிக்காசு குடுத்தாங்கக்கா?"

முடிச்சில் மிளகாய் இருந்தது. எடுத்துக் காட்டினால் போதும். ஆனால் ஏழு மாசக்காரி முன்னால் கண்டெய்னர் லாரியை நிறுத்த அவளுக்கு மனசு வரவில்லை. நிலாவுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாள். "சோறு ஆறிப்போவுது, வந்து சாப்டு" என்றாள். அவன் வரவில்லை. மறுநாளும் அவள் கையால் சாப்பிடவில்லை. ஜெபதாஸ் உண்மை தெரிந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு வந்து போனான்.

மூன்று நாள். வேலை இல்லாதவன் தூங்கினான். தூங்கித் தூங்கி எழுந்தான். ராவெல்லாம் பக்கத்தில் படுத்திருந்த ஃபெபிக்கு ஒன்று மட்டும் தெரிந்தது: முதல் நாள் அவன் கால் பதினெட்டுத் தடவை விறைத்தது. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கிரேசியைப் பார்த்து முகம் திருப்புவதை நிறுத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபோது வாசலில் ஆறு பெண்கள் நின்றார்கள். கையில் வாழைப்பழம், பிஸ்கட்டு.

"அண்ணாவுக்கு உடம்பு சரியில்லன்னு புது டிரைவர் சொன்னாரு. பாத்துட்டுப் போலாம்னு..." என்றாள் நிலா. கிரேசி கண்ணால் வேண்டாம் என்று காட்டினாள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "இல்லக்கா. பேரு வெளிய வந்தா வரட்டும். நாலு நாளா எனக்குத் தூக்கம் வரல."

எல்லாவற்றையும் சொன்னாள். முறை வைத்ததை, கிள்ளியதை, லாரிக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்த ஒரு முழத்தை. பென்சன் அசையாமல் கேட்டான்.

"அப்ப... நீங்கல்லாம் என்னாண்ட கதை கேட்டுக்கினு வந்தது?"

ஆறு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"நான் சொல்ற கதை புடிச்சிப்போய்க் கேக்கறீங்கன்னு நெனச்சேன்" என்றான். "எங்க வூட்டு நாய்க் கதை, ஸ்கூல் கதை... ஆறு பேரும் உசுருக்குப் பயந்து கேட்டீங்களா?"

கிரேசி, சேலை மாற்றும்போதெல்லாம் மாற்றி முடிந்திருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பையை அவன் முன் வைத்தாள். மிளகாய் பழுத்துச் சுருங்கியிருந்தது. அதைப் பார்த்தவன் அவள் மடியில் முகம் புதைத்தான். ஆறு வயசில் அழுத மாதிரியே, சத்தம் வராமல், முதுகு மட்டும் குலுங்க.

ஃபெபி கஷ்டப்பட்டு உட்கார்ந்து கிரேசியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். செயின் இல்லாத கழுத்து. "வெள்ளிக்காசுன்னு சொன்னேனேக்கா... இந்த வாயால..."

"அழாதம்மா. வயித்துல கீறதுக்கு ஆவாது. வந்த பொண்ணுங்களுக்கு டீ போடு."

அது ஞாயிறு. திங்கட்கிழமை பைனான்ஸ் ஆபீசிலிருந்து காகிதம் வரும் என்று ஜெபகுமார் சொல்லியிருந்தான். ஏலம், மீதி, வட்டி. ஒரு வருஷமோ, இரண்டு வருஷமோ. கிரேசி கேண்டீனில் ராத்திரி ஷிஃப்டும் கேட்டு வைத்திருந்தாள். ஜெபதாஸ் டிராவல்ஸுக்குப் போய்த் தன் லைசன்சைத் திருப்பி வாங்கி வந்திருந்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பென்சன் அவளோடு கிளம்பினான்.

திங்கள் விடிந்தும் விடியாத இருட்டில் ஸ்டாஃப் பஸ் வந்தது. இருவரும் நடுச் சீட்டில் உட்கார்ந்தார்கள். இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் பென்சன் அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். கால் அசையவில்லை. பஸ் முழுக்கத் தலைகள் சாய்ந்து கிடந்தன. வெளியே ஓரகடம் ரோட்டில் லைட் இல்லாத லாரிகள் வரிசையாக ஒதுங்கி நின்றன.

முன்னால் டிரைவர் கொட்டாவி விட்டான். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. கண்ணைப் புறங்கையால் தேய்த்தான்.

கிரேசி பென்சனின் தலையை மெல்ல எடுத்து, துணிப்பையை மடித்து ஜன்னலோரம் வைத்துச் சாய்த்தாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், டிரைவருக்குப் பக்கத்திலிருந்த சீட்டில் உட்கார்ந்தாள்.

"தம்பி, உனக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள்.